கண்காணிப்பில் வைத்த எண்

அடிக்குப் பயந்து ஒளிந்திருந்த ஒரு பெண்ணின் இருப்பிடத்தை, அவளை அடித்த கணவனிடமே எழுதிக் கொடுத்தவன் நான்.

சொல்லிவிட்டேன்... இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்குப் பதினைந்து ஆண்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன. அதுவும் யாரிடம்? உங்களிடம்! உங்களுக்கு என்னைத் தெரியாது, நாளை என் வீட்டுக் கதவைத் தட்டப் போவதுமில்லை. அந்தத் துணிச்சலில்தான் சொல்கிறேன். கோழைகள் வாக்குமூலம் கொடுக்கும் முறை இதுதான்.

குற்றம் அதோடு நிற்கவும் இல்லை. அந்தப் பழியை இன்னொருத்தி தலையில் இருக்க விட்டேன். அவள் யாரென்று சொல்லும் இடம் வரும்போது நீங்கள் என்னை வெறுப்பீர்கள். வெறுக்கத்தான் வேண்டும்.

என் பெயர் சந்தானம். கல்கத்தாவில் பிறந்தவன், டாக்குரியாவில் குடியிருப்பவன், தொலைபேசி இலாகாவில் பொறியாளன். தொண்ணூறுகளின் நடுவில், தென் கல்கத்தாவின் ஓர் எக்ஸ்சேஞ்சில் எனக்கு வேலை. எங்கள் பழைய எக்ஸ்சேஞ்சை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கூடம் நிறைய இரும்பு அடுக்குகள். ஊரில் யார் எந்த எண்ணைச் சுழற்றினாலும் உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். யார் யாரை அழைக்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே நாலு ஆட்கள் அடுக்குக்கு அடுக்கு ஓடிக் கம்பியைத் தொடர வேண்டும். ஓடி முடிப்பதற்குள் அங்கே போனை வைத்துவிடுவார்கள். அந்த இயந்திரத்துக்கு ஞாபகம் என்ற ஒன்று கிடையாது. அது எவ்வளவு பெரிய கருணை என்று அன்று யாருக்குத் தெரியும்?

ஒரு நாள் காலை, அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என் மனைவி ஜெயா மோரை ஊற்றியபடியே கேட்டாள்.

"ஏன்னா, யாராவது ஒருத்தாத்துக்குப் போன் பண்ணினா, எங்கேர்ந்து பண்றான்னு கண்டுபிடிக்க முடியுமோ?"

"தலைகீழா நின்னாலும் முடியாது" என்றேன்.

"நிச்சயமா?"

"இருபது வருஷமா அங்கேதானே குப்பை கொட்டறேன்?"

அவள் ஏன் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்... ஒரே ஒரு கேள்வி! தன் தொழிலைப் பற்றி மனைவி விசாரிக்கிறாள் என்ற சந்தோஷத்தில் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அதற்கு அடுத்த மாதமே எங்கள் எக்ஸ்சேஞ்ச் மாறியது. புதிய மின்னணு இயந்திரம்! குளிரூட்டிய அறை. தூசி ஆகாது என்று கோயிலில் போலச் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். சத்தமே இல்லை. ஒரு திரை, ஒரு விசைப்பலகை. எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம்... எல்லாவற்றையும் அது எழுதி வைத்துக்கொண்டது. கேட்டால் தாளில் அடித்துக் கொடுத்தது.

அன்று மாலை சந்தேஷ் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். குளிர் அறையைப் பற்றிச் சொன்னேன், டயல் டோன் உடனே வருவதைப் பற்றிச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று அல்ல. ஜெயா முன்பு கேட்ட கேள்வியே என் நினைவில் இல்லை. ஒரு பதில் காலாவதியாகிவிட்டது, அதைக் கேட்டவளுக்கு அது தெரியாது... இவ்வளவுதான் நடந்தது. இவ்வளவு போதுமாயிருந்தது.

இனி ஸ்ரீதரன்.

வங்கி அதிகாரி. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். லேக் மார்க்கெட் பக்கத்தில் வீடு. ஊரிலிருந்து மாற்றலாகி வரும் தமிழர் எவருக்கும் வாடகைக்கு வீடு, குழந்தைக்குப் பள்ளிக்கூடம், எல்லாம் அவர்தான் பார்த்துக் கொடுப்பார். என் அப்பா இறந்தபோது வாத்தியாரை அழைத்து வந்ததும், வண்டி ஏற்பாடு செய்ததும், சுடுகாட்டில் கடைசிவரை என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவர்தான். அப்படிப்பட்ட மனிதர் மனைவியை அடிப்பாரா என்று கேட்பீர்கள்.

அடித்தார். எனக்குத் தெரியும்.

தெரியாது என்று சொல்லித் தப்பிக்கும் வழியை நானே அடைத்துவிடுகிறேன். அவர் மனைவி சுபா, தமிழ்ப் புத்தாண்டுக் கூட்டத்தில் வெயில் கொளுத்தும்போதும் முழங்கை மறைய ரவிக்கை போட்டிருந்தாள். ஜெயா என்னிடம் வெளிப்படையாகவே சொன்னாள், "அவர் கை நீட்டறார்னா. தலையிலயே அடிக்கறாராம்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நாலு சுவத்துக்குள்ள நடக்கறது நமக்கெதுக்கு?" ஜெயா அதற்குப் பிறகு சுபாவைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. பேசாததற்குக் காரணம் இருந்தது. அதை நான் தெரிந்துகொண்டபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

சுபா ஒரு நாள் வீட்டைவிட்டுப் போனாள். ஏழு வயது மகள் மினு அன்று பாட்டுப் போட்டிக்காக அப்பாவுடன் வெளியே போயிருந்தாள். அழைத்துப் போக வழியில்லை. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு திருச்சிக்குப் போயிருக்கா" என்றார் ஸ்ரீதரன் எல்லாரிடமும். எல்லாரும் தலையாட்டினோம். எவரும் நம்பவில்லை.

இரண்டு மாதம் கழித்து, முற்பகல் பதினொரு மணிக்கு, ஸ்ரீதரன் என் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.

"சந்தானம், ஒரு ஒத்தாசை. ஆத்துக்குத் தினம் நாலு மணிக்கு ஒரு கால் வரதாம். நான் அப்போ ஆபீஸ்ல இருக்கேன். மினுதான் எடுத்துப் பேசறாளாம். வேலை செய்யற மாஷி சொன்னா."

"யாரு?"

"யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

அவர் நாற்காலியை என் மேசைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டார்.

"எங்கேர்ந்து வரதுன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்கோ. போன் என் பேர்ல இருக்கு. என் ஆத்துக்கு வர கால் எனக்குத் தெரியக் கூடாதா?"

இதற்கென்று ஒரு முறை உண்டு. தொல்லை அழைப்பு வருகிறது என்று சந்தாதாரர் எழுதிக் கொடுத்தால், மேலதிகாரியின் உத்தரவோடு அந்த எண்ணைக் கண்காணிப்பில் வைப்போம். அழைத்தவரின் எண் கிடைத்தாலும் அதைப் புகார் கொடுத்தவரிடம் சொல்லக் கூடாது. காவல் நிலையத்துக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். அதைச் சொன்னேன்.

"தாணாலயா?" என்றார், போலீஸ் ஸ்டேஷனுக்கு இந்த ஊர்ப் பெயரில். அவர் முகம் வாடிவிட்டது. "நம்மாத்துப் பொண்ணு பேரைத் தாணால எழுதி வைக்கச் சொல்றேளா? நாளைக்கு மினுவுக்குக் கல்யாணம் காட்சி ஆக வேண்டாமா? நமக்குள்ள முடிச்சுக்கக் கூடிய விஷயம்."

நமக்குள்ள... இந்தச் சொல்லுக்கு எங்களிடம் இருந்த மரியாதையை உங்களுக்கு எப்படி விளக்குவது? வங்காளிகளின் ஊரில் நாங்கள் ஒரு கைப்பிடி மனிதர்கள். எங்கள் சண்டை, எங்கள் அவமானம், எங்கள் ஓடிப்போன பெண்கள்... எதுவும் வெளியே போகக் கூடாது. போலீஸ் என்றால் ஊர் சிரிக்கும். சங்கத்து மனிதர்கள் என்றால் காதும் காதும் வைத்தாற்போல் முடியும். அப்படித்தான் வளர்ந்தோம்.

ஆனாலும் நான் தயங்கினேன். தயங்கியது உண்மை. அப்போதுதான் அவர் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னார்.

"அன்னிக்குச் சங்கத்துல உங்க புது மெஷினைப் பத்திப் பிரமாதமாப் பேசினேளே. அதால இது முடியாதோ என்னமோ."

"முடியும்" என்றேன்.

முடியும்! ஒரு பெண்ணின் தலைவிதியை நான் தீர்மானித்த சொல் அது. நன்றிக்காகச் செய்தேனா, இனப்பற்றுக்காகவா, மினுவின் மேல் இரக்கப்பட்டா? மூன்றையும் பல வருடம் மாற்றி மாற்றி எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். எதுவும் இல்லை. புதுப் பொம்மையை ஓட்டிக் காட்ட ஆசைப்பட்ட சிறுபிள்ளைத்தனம்தான். அந்த வயதில், அந்தப் பதவியில்!

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மேலதிகாரியின் உத்தரவு இல்லை, பதிவேட்டில் குறிப்பு இல்லை. திரையில் அவர் வீட்டு எண்ணை அடித்துக் கண்காணிப்பில் வைத்தேன். அரை நிமிட வேலை.

நாலாம் நாள் தாளை எடுத்தேன். மூன்று வரிகள். மூன்றும் ஒரே எண்ணிலிருந்து. நாலு மணி ஐந்து நிமிடம், நாலு மணி இரண்டு நிமிடம், நாலு மணி எட்டு நிமிடம். முதல் இரண்டு அழைப்புகளும் ஐந்தாறு நிமிடம். மூன்றாவது பதினொரு நிமிடம். பதினொரு நிமிடம் ஏழு வயதுக் குழந்தையோடு என்ன பேசியிருப்பாள் என்று ஒரு கணம் தோன்றியது. தாளைக் கிழித்துப் போட அந்த ஒரு கணம் போதும்... நான் அதைச் சந்தாதாரர் பட்டியலில் முகவரி தேடுவதற்குச் செலவழித்தேன்.

ஊரின் வடகோடியில், டம்டம்மில் ஒரு வீடு. கௌரி என்ற பெயரில் போன்.

ஞாயிற்றுக்கிழமை காலை லேக் மார்க்கெட்டில், காப்பிப்பொடிக் கடை வாசலில், எண்ணும் முகவரியும் எழுதிய துண்டுத்தாளை ஸ்ரீதரனிடம் கொடுத்தேன். அவர் அதைப் படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பெரிய உபகாரம். ஜெயாவை விசாரிச்சதாச் சொல்லுங்கோ" என்றார். பிறகு வாழைப்பூ நன்றாயிருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார். நானும் அரைக் கிலோ காப்பிப்பொடி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

காவல் நிலையத்துக்கு மட்டுமே என்ற அந்த இலாகா விதியைப் பற்றி நான் அப்போது என்ன நினைத்தேன்? அரசாங்கத்தின் வழக்கமான இழுவை, முத்திரைக்கும் கையெழுத்துக்கும் அலையவிடும் வேலை என்றுதான். கேட்பவனுக்கும் எண்ணுக்கும் நடுவே ஒருவன் நின்று "எதுக்கு?" என்று கேட்க வேண்டும் என்பதற்காகவே அந்த விதி இருந்தது. அந்த ஒருவனே நான்தான்! வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே... என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த புதன்கிழமை அலுவலகத்திலிருந்து திரும்பியபோது, ஜெயா சமையலறை வாசற்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்" என்றாள்.

சுபாவை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தது ஜெயா! டம்டம்மில் இருக்கும் கௌரி ஒரு நர்ஸ். ஜெயா பள்ளியில் அவளோடு படித்தவள். அவள் வீட்டு மாடி அறையில் சுபாவைக் குடிவைத்தது, வாரம் ஒரு முறை மெட்ரோவில் போய்ப் பார்த்து வந்தது, வக்கீலைத் தேடிக்கொண்டிருந்தது, எல்லாம் என் மனைவி. என்னிடம் சொல்லாமல். "நாலு சுவத்துக்குள்ள" என்று சொன்ன புருஷனிடம் எப்படிச் சொல்வாள்?

"இன்னிக்குக் கௌரி போன் பண்ணினா. மத்தியானம் ஸ்ரீதரன் கார்ல வந்திருக்கார். கூட ரெண்டு பேர். முன்சீட்டுல மினுவை உக்கார வச்சுண்டு வந்திருக்கார்னா. சுபா ஜன்னல் வழியாக் குழந்தையைப் பார்த்தா, ஒரு வார்த்தை பேசலியாம். செருப்புக்கூடப் போட்டுக்காமக் கார்ல ஏறிட்டாளாம்."

கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன்.

"நான்தான் காரணம்" என்றாள் ஜெயா. "என் வாய்தான் காரணம். போன வாரம் மெட்ரோல இறங்கி வரச்சே அவரோட அத்தை எதிர்ல வந்தா. எங்கே போயிட்டு வரேன்னு கேட்டா. டம்டம் வரைக்கும்னு சொல்லிட்டேன். என்ன ஏதுன்னு யோசிக்காமச் சொல்லிட்டேன். அதை வச்சுண்டுதான் தேடியிருக்கார். வேற வழியே இல்லை. சுபா வேற யார்கிட்டயும் பேசலை."

பிறகு நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள், "மினுவோட மட்டும் தினம் போன்ல பேசுவா. ஆனா போன்ல கண்டுபிடிக்க முடியாதுன்னு நீங்கதானே சொன்னேள். அதைக் கேட்டுண்டுதான் நான் அவளுக்குத் தைரியம் சொன்னேன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில்... அந்த நொடியில்! ஜெயா, அது மாறிவிட்டது. இப்போது முடியும். நான்தான் கண்டுபிடித்தேன், நான்தான் எழுதிக் கொடுத்தேன். சின்னச் சின்ன வாக்கியங்கள். ஒரு மூச்சில் முடியக்கூடியவை.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைத் தடவிக்கொடுத்து, "வேணும்னு பண்ணலையே நீ. விடு" என்றேன்.

படிக்கிறீர்களா? நான் அவளை மன்னித்தேன்! என் பாவத்துக்கு அவளை நான் மன்னித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றியோடு அழுதாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் குரலை நான் இன்றும் அடையாளம் காட்ட முடியும்.

அடுத்த வாரம் என் மேசைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. ஸ்ரீதரன் தன் வீட்டுத் தொலைபேசி இணைப்பைத் திருப்பிக் கொடுக்கிறார். காரணம் என்ற இடத்தில் "தேவையில்லை" என்று எழுதியிருந்தார். வருடக்கணக்கில் காத்திருந்து போன் வாங்கும் காலம் அது. எவரும் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். நான் கையெழுத்திட்டேன். பிற்பகலில் லைன்மேன் போய்க் கருவியைக் கழற்றி வந்தான். "அந்த வீட்டு பௌதி ரொம்ப நேரம் வாசல்லயே நின்னு பார்த்தாங்க தாதா" என்று வங்காளத்தில் சொன்னான். பௌதி, அதாவது அண்ணி, என்றது சுபாவை; தாதா, அண்ணன், என்றது என்னை. அதன் பிறகு நாலு மாதத்தில் அவர்கள் நாக்பூருக்கு மாற்றலாகிப் போனார்கள். கடைசிவரை சுபா ஜெயாவைப் பார்க்க அனுமதிக்கப்படவில்லை.

ஜெயா மாறிவிட்டாள். வாய் ஓயாமல் பேசிக் கடைக்காரர்களையே களைக்க வைப்பவள், லேக் மார்க்கெட் பக்கம் போவதை நிறுத்தினாள். காய்கறிக்குக் கரியாஹாட் போனாள்; அங்கே தமிழர் கண்ணில் பட வேண்டியதில்லை. யாராவது "எங்கே கிளம்பிட்டேள்?" என்று சாதாரணமாகக் கேட்டாலும் ஒரு கணம் திகைத்து நிற்பாள். பதில் சொல்லும் முன் நாக்கைக் கடித்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இரண்டும் ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டன.

ஏன் சொல்லவில்லை? வேலை போகும் என்ற பயமா? முதல் வருடம் அது இருந்தது. அப்புறம்? அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பாள், அந்தப் பார்வையோடு மிச்ச நாளை ஓட்ட முடியாது... அந்தப் பயம்தான். அவள் தினமும் தன்னையே அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

வருடங்கள் போயின. ஊர் கொல்கத்தா ஆயிற்று. எல்லார் கையிலும் மொபைல் வந்தது. இப்போது யார் யாரோடு பேசினார் என்பது மட்டுமல்ல, எந்தத் தெருவில் நின்று பேசினார் என்றும் சொல்ல முடியும். எங்கள் இலாகாவில் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். ஒரு பெண் வக்கீல் வந்து பேசினார். ஒரு மனிதரின் பேச்சுப் பட்டியல் அவர் வீட்டுக் கதவைப் போன்றது, உரிய உத்தரவு இல்லாமல் அதைத் திறக்க யாருக்கும் உரிமை இல்லை என்றார். "உங்களில் யாராவது, தெரிந்தவர் கேட்டார் என்று எப்போதாவது ஓர் எண்ணைக் கொடுத்ததுண்டா?" என்று கேட்டார். ஒருவரும் கை தூக்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்திலிருந்தே என்னிடம் எவரும் முறைகேடாக ஓர் எண்ணை வாங்க முடிந்ததில்லை. எழுத்தில் உத்தரவு இல்லாமல் வந்த காவல் அதிகாரியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மருமகனைச் சந்தேகப்பட்டு வந்த நண்பரோடு பகைத்துக்கொண்டேன். "சந்தானம் தாதா இரும்பு மனுஷர்" என்று இளைஞர்கள் பேசிக்கொண்டார்கள். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்! ஆனால் ஒன்றை நம்புங்கள்... அந்தக் கண்டிப்பு நடிப்பல்ல. தாள் கேட்டு யார் நின்றாலும் என் கண்ணில் தெரிவது அந்தப் பதினொரு நிமிடம்தான்.

போன மாதம், ஒரு சனிக்கிழமை மாலை, வாசல் மணி அடித்தது. ஜீன்ஸ் போட்ட ஒரு பெண், தோளில் பை. சால்ட் லேக்கில் சாஃப்ட்வேர் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள்.

"ஜெயா மாமி இருக்காளா? நான் மினு."

ஜெயா அவளைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெகுநேரம் விடவில்லை.

மினுவின் தமிழ் தட்டுத் தடுமாறியது. இந்தி நடுநடுவே வந்தது. அப்பா போய் இரண்டு வருடம் ஆயிற்று என்றாள். அம்மா நாக்பூரிலேயே இருக்கிறாளாம்.

"அம்மாக்கு லெஃப்ட் காது கேக்காது மாமி. டம்டம்லேர்ந்து கூட்டிண்டு வந்த அன்னிக்கு அப்பா அடிச்சது. நான் பார்த்துண்டு இருந்தேன்."

காப்பித் தம்ளரை மேசையில் வைத்தேன்.

"போன்ல அம்மா எனக்கு டேபிள்ஸ் ஒப்பிக்கச் சொல்லுவா. பன்னெண்டாம் வாய்ப்பாடு வரைக்கும் போன்லதான் படிச்சேன்" என்று மினு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "மாமி, அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுண்டே இருக்கா. யார் சொன்னா? அவ்ளோ வருஷமா அதேதான். எனக்கு என்ன தோணறதுன்னா, யாரும் சொல்லலை. போன் நம்பரை ட்ரேஸ் பண்ணியிருப்பா. ஹை நா?"

ஜெயா உடனே தலையசைத்தாள். "அப்போல்லாம் அது கிடையாதுடீ. மாமா அந்த ஆபீஸ்தானே, அவரையே கேளேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நினைத்துப் பாருங்கள்! அந்தக் குழந்தை... அன்று காரின் முன்சீட்டில் உட்காரவைக்கப்பட்ட குழந்தை, தானாகவே உண்மையைக் கண்டுபிடித்து என் முன் வைத்துவிட்டாள். நான் "ஆமாம்" என்று மட்டும் சொன்னால் போதும். அதற்குமேல் அவளே கேட்டிருப்பாள்.

"அப்போ அந்த வசதி இல்லைம்மா" என்றேன்.

ஜெயா ஒரு பெருமூச்சு விட்டாள். மினுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நான்தான் சொன்னேன்" என்றாள். "உன் அப்பாவோட அத்தை கேட்டா. டம்டம்னு என் வாயால சொன்னேன்." பிறகு நடந்ததை முழுக்கச் சொன்னாள். ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை. ஒப்புக்கொள்வது எப்படி என்று என் கண் முன்னாலேயே எனக்குக் காட்டினாள்... செய்யாத குற்றத்துக்கு!

மினு கைகளை விடுவித்துக்கொண்டாள். கோபப்படவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"அம்மா உங்களைத்தான் ரொம்ப நம்பினா மாமி. இருந்தாலும் நான் அவகிட்ட இதைச் சொல்லிடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள். காப்பி அப்படியே இருந்தது.

ஒரு வாரம் கழித்து மினு நாக்பூர் முகவரியை அனுப்பினாள். அம்மா பேச மாட்டேன் என்கிறாள், ஆனால் வந்தால் வரட்டும் என்று சொன்னாள், என்று எழுதியிருந்தாள். ஜெயா அன்றே டிக்கெட் எடுக்கச் சொன்னாள். சுபாவின் காலில் விழ வேண்டும் என்கிறாள். விழுந்தால்தான் இனி சோறு இறங்கும் என்கிறாள்.

நாளை பிற்பகல் ஹௌராவிலிருந்து ரயில். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது ஜெயா உள்ளறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். சுபாவுக்கென்று ஒரு தாந்த் கைத்தறிப் புடவை வாங்கியிருக்கிறாள். அதை எடுப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருக்கிறாள். இன்னும் ஓர் இரவும் ஒரு காலையும் இருக்கின்றன. ரயிலில் ஒரு மாலை, ஓர் இரவு. சொல்லப் போதுமான நேரம்தான். பதினைந்து வருடமும் போதுமான நேரமாகத்தான் இருந்தது. சொல்வேனா? என்னை எனக்குத் தெரியும். உங்களுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும்.

இப்போது அவள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"ஏன்னா, நீங்க என் பக்கத்துலயே நிக்கணும். தனியா அவ முகத்துல முழிக்க எனக்குத் தைரியம் இல்லை."

"நிக்கறேன்" என்றேன்.